கலமும் டன்னும்: அலையாத்திக் கரையும் உலகக் கப்பல் சட்டமும்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு முதலிய காவிரிக் கிளைகள் தாங்கள் சுமந்துவந்த வண்டலை இறக்கிவைத்துக் கடலோடு கலக்கும் காயலை ஒட்டிப் பெரிய சரக்குக் கப்பல் எதுவும் இன்று வருவதில்லை. மரைக்காயர்களை நினைவூட்டும் ஆற்றின் பெயரே, மரக்கலங்களுக்குப் பழகிய கரை இது என்பதைச் சொல்லிவிடும். ஆனால் பாக் நீரிணையின் ஆழம் பல இடங்களில் 10 மீட்டரைக்கூட எட்டாததாலும், தெற்கே ராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணல்திட்டு வரிசை குறுக்கே கிடப்பதாலும், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே, கவிழ்ந்த கப்பலின் எண்ணெயும் எரிந்த கப்பலின் சரக்கும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டுக்குள் இதுவரை புகாமல் தடுத்தது கடலின் ஆழக்குறைவுதான், சட்டம் அன்று. உலகக் கப்பல் போக்குவரத்தை ஆளும் சட்டங்கள் எங்கே, யாரால், எந்த அளவுகோலைக் கொண்டு செய்யப்படுகின்றன என்று தேடிப் போனால், அந்த அளவுகோலில் இப்படிப்பட்ட ஒரு கரைக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்பது தெரியவரும்.

அந்த அளவுகோலின் பெயர் டன். கப்பலைப் பொறுத்தவரை டன் என்பது எப்போதும் எடை அன்று; இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கப்பல் எத்தனை மதுப் பீப்பாய்களை ஏற்றும் என்று எண்ணி வரி போட்டதிலிருந்து வந்த சொல் அது, இன்றைக்கும் பதிவேட்டில் எழுதப்படும் மொத்த டன் என்பது கப்பலின் அடைபட்ட இடங்களின் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்தான். நிலத்தைக் குழி, மா, வேலி என்றும் நெல்லை மரக்கால், கலம் என்றும் அளந்துவந்த தஞ்சை நாட்டுக்கு இது அந்நியமான முறையும் அன்று. தமிழில் கலம் என்ற ஒரே சொல் நெல் அளவையையும் கடலோடும் மரக்கலத்தையும் குறிக்கிறது. வேறுபாடு என்னவென்றால், களத்துமேட்டில் கலம் அளந்தது விளைச்சலை. கடல் சட்டத்தில் டன் அளப்பது நாடுகளின் செல்வாக்கையும், உடன்படிக்கைகளின் உயிரையும், கடைசியில் நட்டஈட்டின் உச்சவரம்பையும்.

கடல் வணிகத்துக்கான உலக விதிகளை வகுப்பது லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில் தலைமையகம் கொண்டுள்ள சர்வதேச கடல்சார் அமைப்பு. 1948இல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கையின்படி அமைந்து, போதிய நாடுகள் ஒப்புதல் தர எடுத்துக்கொண்ட பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 1958இல் நடைமுறைக்கு வந்த இந்த ஐ.நா. முகமையில் இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. உலக வணிகப் பொருள்களில் அளவின்படி 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியே செல்வதால், கண்ணுக்குத் தெரியாத இந்த அமைப்பின் கை படாத பண்டம் ஒரு மளிகைக் கடையில்கூட அரிது. டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் முதல் வடிவம் பெற்று 1974இல் இன்றைய வடிவத்துக்கு வந்த உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ், கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் 1973/78ஆம் ஆண்டின் மார்போல், மாலுமிகளின் பயிற்சித் தரத்தை வரையறுக்கும் 1978ஆம் ஆண்டின் எஸ்.டி.சி.டபிள்யூ ஆகிய மூன்றும் இங்கே பிறந்தவை அல்லது இங்கே பேணப்படுபவை. மாலுமிகளின் கூலி, ஓய்வு, உணவு, ஊர்திரும்பும் உரிமை ஆகியவற்றைப் பேசும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மட்டும் ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்தது, இந்தியா அதை 2015இல் ஏற்றது.

இந்த அமைப்பின் செலவுக்கு உறுப்பு நாடுகள் கட்டும் சந்தா பெரும்பாலும் அவற்றின் கொடியின்கீழ்ப் பதிவான கப்பல்களின் டன் கணக்கைப் பொறுத்தது. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றும் மிக அதிகம் கட்டும் நாடுகளின் வரிசையில் நிற்பது அதனால்தான். ஓர் உடன்படிக்கை உயிர்பெறுவதும் பல சமயம் டன் கணக்கில்தான்: கப்பலின் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நிலைப்பு நீர் வழியே அயல் உயிரினங்கள் பரவுவதைத் தடுக்க 2004இல் இயற்றப்பட்ட உடன்படிக்கை, 30 நாடுகளும் உலகக் கப்பல் டன்னில் 35 விழுக்காடும் சேரும்வரை காத்துக் கிடந்து 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2025 அக்டோபரில் கப்பல்களின் கரியமிலப் புகைக்கு விலை வைக்கும் திட்டம் வாக்கெடுப்பின் விளிம்புவரை வந்து, ஓராண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது. கடற்கரையின் நீளத்துக்கோ, கடலை நம்பி வாழும் மக்கள்தொகைக்கோ இந்த ஏற்பாட்டில் தனி எடை எதுவும் கிடையாது.

கொடி என்ற சொல்லையும் இங்கே விளக்க வேண்டும். கடலில் செல்லும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நாட்டின் பதிவு வேண்டும். அந்நாட்டின் சட்டமே நடுக்கடலில் அக்கப்பலின் சட்டம். கப்பலுக்கும் அந்நாட்டுக்கும் இடையே உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது, ஆனால் அந்தத் தொடர்பு எது என்று அது விளக்கவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் திறந்த பதிவேடு: உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி மற்றொரு நாட்டில், நிர்வாக நிறுவனம் மூன்றாவது நாட்டில், காப்பீடு நான்காவது நாட்டில், மாலுமிகள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் என்று ஒரே கப்பல் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கலாம். விபத்து நேரும்போது மட்டும்தான் அது ஒரே இடத்தில் இருக்கிறது, அந்த இடம் யாரோ ஒரு மீனவரின் கடல்.

நொய்யரிசி போன்ற ஒரு நஞ்சு

இந்தச் சிதறல் என்ன செய்யும் என்பதற்குப் பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் மேற்குக் கரையில் நடந்ததை விடத் தெளிவான சான்று தேவையில்லை. சிங்கப்பூர்க் கொடியுடன் அந்த ஆண்டுதான் கடலில் இறங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கொள்கலன் கப்பல், 2021 மே மாதம் 1,486 கொள்கலன்களுடன் கொழும்பை நோக்கி வந்தது. அவற்றில் 81 ஆபத்தான சரக்கு என வகைப்படுத்தப்பட்டவை, அவற்றுள் 25 டன் நைட்ரிக் அமிலமும் அடக்கம். அமிலக் கொள்கலன் ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கியிருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் அதை இறக்கித் தருமாறு கேட்டும் இரண்டு இடங்களிலும் முடியாது என்ற விடையே கிடைத்தது. இடரில் சிக்கிய கப்பலுக்கு அடைக்கல இடம் தருவது பற்றி லண்டன் அமைப்பு 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உண்டு, ஆனால் வழிகாட்டுதல் என்பது கட்டளை அன்று. தன் துறைமுகத்தைக் காத்துக்கொள்ள விரும்பும் எந்த அதிகாரியும் ஆபத்தை அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிடலாம், அனுப்பியவர்மேல் பொறுப்பு வராது. இந்தியத் துறைமுகம் ஒன்று மறுத்த ஆபத்து இலங்கைத் தமிழரும் சிங்களரும் மீன்பிடிக்கும் கடலில் போய் வெடித்தது என்பதை இந்தக் கரையில் உள்ளவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பலில் தீப்பற்றியது, பல நாள் எரிந்தது, ஜூன் 2ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்புறம் தரைதட்டியது. கரையில் ஒதுங்கியதோ அமிலம் அன்று, வெள்ளை வெள்ளையாகக் குருணை. பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருளாக அனுப்பப்படும் இந்தக் குருணைகள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். நெல் அரைக்கும் ஆலையில் சல்லடைக்குக் கீழே விழும் நொய்யைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நீர்கொழும்பு வட்டாரத்து மணலில் முழங்கால் மறையும் அளவுக்கு அது குவிந்தது. சுமார் 1,680 டன் குருணை அந்தக் கப்பலில் இருந்தது. மணலையும் குருணையையும் சல்லடை கொண்டு பிரிக்கும் வேலை பல மாதங்கள் நீண்டது, மீன்பிடித் தடையால் வலைகள் கரையில் காய்ந்தன.

இங்கேதான் சட்டத்தின் உண்மையான ஓட்டை வெளிப்படுகிறது. ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பில் இந்தக் குருணை இடம்பெறவே இல்லை, ஏனென்றால் அது தீப்பிடிக்க வைக்காது, அரிக்காது, தொட்டவரை நஞ்சூட்டாது. ஆபத்து என்ற சொல் கப்பலுக்கும் மாலுமிக்கும் வரும் ஆபத்தை வைத்து வகுக்கப்பட்டதால், கப்பலுக்குச் சாதுவான ஒரு பண்டம் கரைக்கு எமனாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பட்டியலுக்குள் நுழையவில்லை. எண்ணெய் அல்லாத தீங்கான சரக்குகளுக்கு நட்டஈடு வழங்க 1996இல் எழுதப்பட்டு 2010இல் திருத்தப்பட்ட உடன்படிக்கை அந்த விபத்தின்போது நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் பட்டியலில் இல்லாத குருணை அதற்குள் அடங்கியிருக்காது. 2024இல்தான் குருணைக் கொள்கலன்களை நன்கு மூடி, அடையாளமிட்டு, கூடிய வரை தளத்துக்குக் கீழே அடுக்க வேண்டும் என்ற பரிந்துரையை லண்டன் அமைப்பு வெளியிட்டது. அதுவும் பரிந்துரைதான்.

604இன் கணக்கு

கப்பல் உரிமையாளர் தன் கப்பலால் நேரும் இழப்பு முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, ஒரு வரம்புக்குள் கொடுத்தால் போதும் என்பது ஐரோப்பியக் கடல் வணிகத்தின் பழைய கோட்பாடு. நடுக்கடலில் மாலுமி செய்யும் தவற்றுக்கு ஊரில் இருக்கும் உரிமையாளர் தன் முழுச் சொத்தையும் இழக்க நேர்ந்தால் யாரும் கப்பலில் பணம் போடமாட்டார்கள் என்ற வாதத்தின்மேல் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டமான அது, இன்று கடல்சார் உரிமைக்கோரல்களுக்கான பொறுப்பு வரம்பு உடன்படிக்கை என்ற பெயரில், 1996ஆம் ஆண்டின் நெறிமுறையோடும் 2015இல் நடைமுறைக்கு வந்த உயர்த்தப்பட்ட தொகைகளோடும் நிலவுகிறது. இழப்பு நேர வேண்டும் என்ற நோக்கத்தோடோ, நேரும் என்று தெரிந்தும் துணிந்தோ உரிமையாளரே செயல்பட்டார் என்று மெய்ப்பித்தால் மட்டுமே வரம்பு உடையும், அதை மெய்ப்பிப்பது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் மொத்த டன் 31,629. பன்னாட்டு நாணய நிதியம் பல நாணயங்களின் கூட்டு மதிப்பாக நாள்தோறும் கணிக்கும் சிறப்பு எடுப்புரிமை என்ற அலகில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உயிரிழப்பும் காயமும் அல்லாத இழப்புகளுக்கு முதல் 2,000 டன் வரை மொத்தமாக 15 லட்சத்து 10 ஆயிரம். அதற்கு மேல் 30,000 டன் வரை டன் ஒன்றுக்கு 604, ஆக 1 கோடியே 69 லட்சத்து 12 ஆயிரம். மிஞ்சிய 1,629 டன்னுக்கு டன் ஒன்றுக்கு 453, ஆக ஏறத்தாழ 7 லட்சத்து 38 ஆயிரம். கூட்டினால் 1 கோடியே 92 லட்சத்தை ஒட்டி நிற்கும். 2023 ஜூலையில், கடல் வழக்குகளை விசாரிக்கும் லண்டன் அட்மிரால்டி நீதிமன்றம் அந்த உரிமையாளரின் பொறுப்பைச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குள் வரம்பிட்டது இந்த வாய்பாட்டின்படிதான். எத்தனை ஊர்களின் கரை கெட்டது, எத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கின, எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்ற எண்கள் எதுவும் இந்த வாய்பாட்டில் எந்த இடத்திலும் நுழைவதில்லை. இதே கப்பல் இரண்டு மடங்கு பெரியதாக இருந்து எதையுமே சிந்தாமல் போயிருந்தாலும் அதன் வரம்பு உயர்ந்திருக்கும். இதே அளவில் பத்து மடங்கு நஞ்சை ஏற்றியிருந்தாலும் வரம்பு மாறியிருக்காது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலை 24ஆம் நாள், இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பல் நிறுவனம் 100 கோடி அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைச் செலுத்தப்போவதில்லை என்று நிறுவனத் தரப்பு வெளிப்படையாகவே கூறியது. லண்டனின் எண்ணும் கொழும்பின் எண்ணும் ஒன்றுக்கொன்று பல பத்து மடங்கு தள்ளி நிற்கின்றன. முதல் எண் கப்பலை அளந்தது, இரண்டாவது கரையை அளக்க முயன்றது. சொத்தோ மற்றொரு கப்பலோ கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது, ஒரு சிறிய நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகூடக் காகிதமாகவே நின்றுவிடக்கூடும் என்பது தென்னாசியக் கடற்கரை முழுவதும் கவலையோடு படிக்க வேண்டிய பாடம்.

அந்தத் துணிச்சலான தீர்ப்புக்கு இணையாகக் கேரளம் கையாண்டது பழைய, கூர்மையான ஓர் ஆயுதம். கடல் வழக்கில் கப்பலையே பிரதிவாதியாக்கலாம். உரிமையாளர் எந்த நாட்டில் ஒளிந்திருந்தாலும், துறைமுகத்தில் நிற்கும் கப்பலையோ, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதே உரிமையாளரின் வேறொரு கப்பலையோ, நீதிமன்றம் கைது செய்து, பிணைத்தொகை கட்டும்வரை நகரவிடாமல் வைத்திருக்கலாம். 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம் வரும்வரை இந்திய நீதிமன்றங்கள் இதற்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்டங்களையும், 1992இல் எம்.வி. எலிசபெத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த விரிவான விளக்கத்தையும் நம்பியிருந்தன. 2025 மே 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய லைபீரியக் கொடிக் கப்பலான எம்.எஸ்.சி. எல்சா 3, 640 கொள்கலன்களையும் தன் எரிபொருளையும் கடலுக்குக் கொடுத்தது. அதன் குருணை தெற்கே கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்து, அக்குழுமத்தின் மற்றொரு கப்பலை விழிஞ்ஞத்தில் நிறுத்திவைக்கச் செய்தது. உயர் நீதிமன்றம் 1,227.62 கோடி ரூபாய்க்குப் பிணை கேட்டது. பெருங்கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் தன் மாநிலத்திலேயே இருந்தது கேரளத்துக்கு வாய்த்த வலிமை.

மூச்சு வேர்களும் மூன்று வகை எண்ணெயும்

தமிழ்நாட்டுக்கு இது பற்றிய சொந்த அறிவு 2017 ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில் கிடைத்தது. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே, வெளியேறிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. மாசு எதுவும் இல்லை என்று துறைமுகத் தரப்பு முதலில் கூறியது. அடுத்த நாள்களில் தார்போல் கெட்டிப்பட்ட கரும்படலம் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் ஏறி மெரினா வரை இறங்கியது. உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கெட்டிக் கசடில் திணற, மாணவர்களும் மீனவர்களும் தொண்டர்களும் பாறைகளுக்கிடையே இறங்கி வாளி வாளியாக அள்ளிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். எண்ணெய்க் கசிவுப் பேரிடருக்கென 1996 முதலே தேசியத் திட்டம் இருந்தது, அதற்குப் பொறுப்பாகக் கடலோரக் காவல் படையும் இருந்தது. முழங்கை வரை கறுத்த கைகளோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் படங்களே அந்தத் திட்டத்துக்கு உலகம் கண்ட முகமாயின.

எண்ணூர் மணற்கரையையும் கருங்கல் தடுப்பையும் கழுவ முடிந்தது. முத்துப்பேட்டையின் கரை அப்படிப்பட்டதன்று. அங்கே மிகுந்து வளரும் அலையாத்தி மரம், காற்றுப் புகாத உவர்ச் சேற்றில் நின்றுகொண்டு, சேற்றுக்கு மேலே எழுதுகோல்களை நட்டுவைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் நீட்டும் மூச்சு வேர்களால்தான் உயிர்வாழ்கிறது. அவ்வேர்களின் தோலில் உள்ள நுண்துளைகளை எண்ணெய்ப் படலம் ஒருமுறை அடைத்துவிட்டால், இலை பசுமையாக இருக்கும்போதே மரம் அடியிலிருந்து மூச்சு முட்டத் தொடங்கும். அங்கே ஓதத்தின் ஏற்றவிறக்கம் மிகக் குறைவு. முகத்துவாரமும் மண்மேடிட்டு ஒடுங்கிக் கிடக்கிறது. உள்ளே வந்ததைக் கடல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. வாளியோடு உள்ளே இறங்கும் மனிதரே மூச்சு வேர்களை மிதித்து ஒடித்து, எண்ணெயைச் சேற்றின் ஆழத்துக்குத் தள்ளிவிடுவார். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் முறித்துப்போட்ட காட்டுக்கு அப்படியொரு அடி விழுந்தால், மரம் மீள்வது ஒரு தலைமுறைக் கதையாகிவிடும். 2020இல் மொரீஷியஸ் பவளத்திட்டில் மோதிய வகாஷியோ கப்பலிலிருந்து வழிந்த ஏறத்தாழ 1,000 டன் எரிஎண்ணெய் அலையாத்திக் காடுகளுக்குள் புகுந்தபோது உலகம் இதைக் கண்டது.

சேற்றில் ஒட்டும் கறுப்பு ஒன்றாக இருந்தாலும், அதற்கான சட்டம் ஒன்றன்று. எண்ணெய்க் கப்பலின் சரக்காக இருந்த எண்ணெய் சிந்தினால், 1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்துக் கரையைக் கறுப்பாக்கிய பின் பிறந்த பொறுப்பு உடன்படிக்கையும், எண்ணெய் இறக்குமதி செய்யும் நிறுவனங்களிடம் டன் கணக்கில் வசூலித்து நடத்தப்படும் 1992ஆம் ஆண்டின் நிதியமும் கைகொடுக்கும். ஒரு விபத்துக்கு 20 கோடியே 30 லட்சம் சிறப்பு எடுப்புரிமை வரை அதில் கிடைக்கலாம், இந்தியாவும் இலங்கையும் அதன் உறுப்பினர்கள். அதே எண்ணெய், எண்ணெய்க் கப்பல் அல்லாத வேறொரு கப்பலை ஓட்டுவதற்காகத் தொட்டியில் வைத்திருந்த எரிபொருளாக இருந்தால் அந்த நிதியத்தின் கதவு மூடிக்கொள்ளும். எரிஎண்ணெய்க்கென்று 2001இல் தனியாக எழுதப்பட்ட உடன்படிக்கை, டன்னுக்கு 604 என்ற வாய்பாட்டுக்குத்தான் மறுபடி கொண்டுபோய்விடும். அதுவும் கப்பலிலிருந்து வராமல் கரையோரக் குழாயிலிருந்து வந்தால், 2023 மார்ச்சில் நாகூர்ப் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது நேர்ந்ததுபோல், மேற்சொன்ன எந்த உடன்படிக்கைக்கும் அங்கே வேலையில்லை, உள்நாட்டுச் சட்டம்தான் துணை. பாதிக்கப்பட்டவர் தன் வலையில் ஒட்டிய கசடு எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும் என்பது எவ்வளவு கொடிய நிலை.

இதைவிடக் கடினமானது அடுத்த படி. எந்த நிதியமும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது, விபத்துக்கு முன் வருமானம் எவ்வளவு என்பதற்கான சான்று. விசைப்படகுக்காரரிடம் ஏலச்சீட்டும் டீசல் ரசீதும் இருக்கும். காயலுக்குள் இடுப்பளவு நீரில் நின்று இறாலைத் தடவிப் பிடிப்பவரிடமும், காட்டுக்குள் வெட்டிய வாய்க்காலில் ஓதத்தோடு ஏறிவரும் மடவையையும் கொடுவாவையும் வலையிட்டுப் பிடிக்கும் குடும்பத்திடமும், பிடித்த நண்டைக் கூடையில் சுமந்து வீதியில் விற்கும் பெண்ணிடமும் எந்தக் காகிதமும் இருப்பதில்லை. பதிவேடு இல்லாத சிறு மீன்பிடிப்புக்கும் மதிப்பீடு செய்யலாம் என்று எண்ணெய் நிதியத்தின் வழிகாட்டுதல்கள் ஒப்புக்கொள்கின்றன, ஆனால் ஒப்பிடுவதற்கு அந்தப் பகுதியின் வழக்கமான பிடிப்பு பற்றிய ஏதேனும் ஒரு கணக்கு வேண்டும் என்று அவையும் எதிர்பார்க்கின்றன. கப்பலின் ஒவ்வொரு கன அடியும் பதிவேட்டில் இருக்கிறது. கரையின் ஒரு கூடை நண்டும் பதிவில் இல்லை. டன்னின் ஆட்சி நிலைப்பது உலகச் சதியால் மட்டும் அன்று, கரையை அளக்க நம் அரசுகள் அக்கறைப்படாததாலும்தான்.

விபத்தின் சுமையைக் கடைசியில் யார் உடம்பால் தாங்குகிறார்கள் என்று பார்த்தால், கரையில் மீனவரும் கப்பலில் மாலுமியும்தான். வகாஷியோவின் இந்தியத் தலைவரும் இலங்கையைச் சேர்ந்த முதல் அதிகாரியும் மொரீஷியஸில் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் தலைவர் பல ஆண்டுகள் இலங்கையை விட்டு வெளியேற முடியாமல் தடுத்துவைக்கப்பட்டார். உரிமையாளரின் பொறுப்புக்கு டன் கணக்கில் வரம்பு உண்டு, மாலுமியின் சிறைவாசத்துக்கு அப்படிப்பட்ட வாய்பாடு எதுவும் எழுதப்படவில்லை. டெல்டாவிலிருந்து கப்பல் வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்கள், கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற முகவரா என்று பார்த்த பிறகே பணத்தையும் சான்றிதழையும் கொடுக்க வேண்டும். உரிமமற்ற தரகர் வழியே ஏறியவருக்குத் தொழிலாளர் உடன்படிக்கை தரும் பாதுகாப்பு எட்டுவது மிக அரிது.

ஆழம் கூடும் முன்

முத்துப்பேட்டையைக் காத்துவரும் ஆழக்குறைவு நிலையானதன்று. 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம், பாக் நீரிணை வழியே 12 மீட்டர் ஆழமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட கப்பல் வழியை அகழ்வதாக இருந்தது. உச்ச நீதிமன்ற வழக்கால் ராமர் பாலப் பகுதியில் பணி நின்றது, ஆனாலும் திட்டம் தமிழக அரசியலில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2023 ஜனவரியில் அதை நிறைவேற்றக் கோரிச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்தக் கால்வாய் பற்றிய பொது விவாதம் முழுவதும் புராணத்தைச் சுற்றியும் மிச்சமாகும் பயண நேரத்தைச் சுற்றியும் நடந்தது. அவ்வழியே கொடிநாடு தெரியாத கப்பல் ஒன்று அலையாத்திக் காட்டுக்கு எதிரே தரைதட்டினால், எந்தச் சட்டத்தின்கீழ், எவ்வளவு, யாரிடமிருந்து கிடைக்கும் என்ற கேள்வி போதிய கவனம் பெறவில்லை. திட்டத்தை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பொதுவானது.

நிலத்துக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. கடலிலும் ஓர் அடி எடுத்துவைக்கப்பட்டது: 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இவை உள்நாட்டுச் சட்டங்கள். அப்பாலுள்ள கடல்வழியில் செல்லும் அயல்நாட்டுக் கப்பலின் பாதையைத் திருப்ப இவற்றால் இயலாது. அதற்கு லண்டன் அமைப்பிடம் இருக்கும் வழி, மிகு கூருணர்வுக் கடற்பகுதி என்ற தகுதி. அந்தத் தகுதி பெற்ற பகுதிக்குக் கப்பல்கள் விலகிச் செல்ல வேண்டிய பரப்பு, கட்டாய அறிவிப்பு முறை, கப்பல் வழிகாட்டி போன்ற பாதுகாப்புகள் சேர்த்துத் தரப்படும், அவை எல்லாக் கொடிகளுக்கும் பொருந்தும். 1990இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு அதைப் பெற்றது, 2017இல் பிலிப்பைன்சின் துப்பத்தகா பெற்றது. இந்தியாவுக்கு இன்றுவரை அப்படி ஒரு பகுதிகூட இல்லை. பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தால் ஆபத்து உண்டு என்று காட்டினால்தான் அத்தகுதி கிடைக்கும், பெருங்கப்பல்கள் வராத பாக் விரிகுடாவுக்கு மட்டும் தனியே கேட்டால் வாதம் வலுவிழக்கும் என்பது உண்மைதான். மன்னார் வளைகுடாவையும் சேர்த்து, இலங்கையோடு கூட்டாக விண்ணப்பித்தால் அந்தக் குறை தீரும். இந்தக் கடலைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் மீனவர் கைதையும் கச்சத்தீவையுமே பேசும் இரு நாடுகளுக்கு, ஒரே கடலை ஒரே நஞ்சிலிருந்து காப்பது பற்றிய பேச்சு புதிய தொடக்கமாகவும் அமையக்கூடும்.

1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தை நீக்கிவிட்டு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தின்கீழ் விதிகளை வகுக்கும்போது, குருணை போன்ற பட்டியலில் இல்லாத சரக்குக்கும் காப்பீட்டுச் சான்று கேட்கவும், நட்டஈட்டுக் கோரிக்கையில் சிறு மீனவரின் வாய்மொழிச் சான்றுக்கு மதிப்பளிக்கவும் இடம் உண்டு. அதைக் கேட்க வேண்டிய பொறுப்பு கடலோர மாநிலங்களுடையது. கரையின் கணக்கை எழுதத் தொடங்குவதற்கோ டெல்லியின் விதிக்காகவும் லண்டனின் வாக்கெடுப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் பட்டை பட்டையாக வெட்டப்பட்டு உப்புப் பள்ளங்களாகிப்போன இடங்களில், 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு அலையாத்தியை மீட்டபோது, எந்த வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதை அறிந்து ஊர்க் குழுக்கள் அந்தப் பணியில் பங்கெடுத்தன. அந்த வாய்க்கால்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு, அதில் நாள், ஓதம், இறால் எத்தனை கிலோ, மடவை எத்தனை கிலோ, அன்றைய விலை என்ன என்ற ஐந்து பத்திகள், மாதம் ஒருமுறை மீன்வளத்துறை அலுவலரின் கையொப்பமும் தேதியிட்ட முத்திரையும்: எந்த நாட்டு அட்மிரால்டி நீதிமன்றத்திலும் எடுத்து வைக்கத்தக்க ஆவணம் அது, அதைத் தொடங்க ஓர் ஊராட்சித் தீர்மானமும் ஒரு கட்டு நோட்டுப் புத்தகமும் போதும்.